டிக்கெட் எடுத்துக் கொடுப்போம்



இலக்கிய மேடையில் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். பணமும் கேட்கப் போகிறேன். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்துத் திருவிழாக்களில் பறையடிப்பவர்கள் ஆட்டம் தொடங்குமுன் என்ன செய்கிறார்கள்? வைக்கோலைக் கொளுத்திப் பறையின் முகத்தை அனலில் காட்டுகிறார்கள். தோல் இறுகுகிறது. ஒருவர் விரலால் தட்டிக் கேட்கிறார். போதாது என்றால் மறுபடியும் காட்டுகிறார். கண்ணுக்குத் தெரியாத இறுக்கம் அவர் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

இறுக்கம் காதுக்குத் தெரியும். வடிவம் தெரியுமா? முரசைப் பார்க்காமல், ஒலியை மட்டும் கேட்டு அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா என்று 1966-ல் மார்க் காக் என்ற கணித அறிஞர் கேட்டார். சில வேளைகளில் முடியாது என்று 1992-ல் மூன்று பேர் நிறுவினார்கள். வடிவம் வேறாக இருந்தும் ஒரே ஒலியெழுப்பும் இரண்டு முரசுகளை அவர்கள் கணக்கிலே செய்து காட்டினார்கள். ஆனால் பரப்பளவு எவ்வளவு, விளிம்பு எவ்வளவு நீளம் என்பதை ஒலி சொல்லிவிடும். இந்தத் துறைக்கு வடிவியல் நிறமாலைக் கோட்பாடு என்று பெயர்.

இதன் அடித்தளக் கட்டுரைகளில் ஒன்றில் நம் சென்னையில் படித்த ஒருவரின் பெயர் இருக்கிறது. சுப்பராமையா மீனாட்சிசுந்தரம். 1913-ல் திருச்சூரில் பிறந்தவர், லயோலா கல்லூரி மாணவர், பிறகு ஆந்திரப் பல்கலைக்கழக ஆசிரியர். 1946 முதல் 1948 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் இருந்தார். முரசின் ஒலிக்கும் அதன் பரப்பளவுக்கும் உள்ள உறவை 1911-லேயே நிறுவிய ஹெர்மன் வைல் அப்போது அங்கேதான் பேராசிரியர். சுவீடன்காரரான ஓகே ப்ளையலும் அங்கே வந்து சேர்ந்தார். மீனாட்சிசுந்தரமும் ப்ளையலும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1949-ல் கனடியக் கணித இதழின் முதல் தொகுதியில் வந்தது. வளைந்த பரப்பில் ஓரிடத்தில் வைத்த சூடு எப்படிப் பரவுகிறது என்று பார்த்தே அந்தப் பரப்பின் குணங்களைப் படித்தெடுக்கும் வழியை அது திறந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணித அறிஞர் படோடி 1970-களில் உலகம் வியக்க நடந்தது அந்த வழியில்தான்.

மீனாட்சிசுந்தரமும் ப்ளையலும் ஒரே ஊரில், ஒரே கரும்பலகை முன்னால் நின்றிராவிட்டால் அந்தக் கட்டுரை ஏது?

“இப்போதுதான் எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே, எதற்குப் பயணம்?” என்று கேட்பீர்கள். ஏற்றுமதி செய்யும் நீங்கள், சாம்பிளைக் கூரியரில் அனுப்பிவிட்ட பிறகும் ஏன் ஜெர்மனிக்குப் போய்ச் சரக்கு வாங்குபவரைப் பார்க்கிறீர்கள்? அச்சில் வருவது முடிந்த நிரூபணம் மட்டுமே. எங்கே முட்டி நின்றோம், எந்த வழி ஆகவில்லை என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதோடு சரி.

ஜெர்மனியின் ஓபர்வோல்ஃபாக், கனடாவின் பான்ஃப் போன்ற இடங்களில் நடக்கும் கணிதப் பயிலரங்குக்கு அழைப்பு வந்தால் தங்கும் அறையும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. விமான டிக்கெட் பெரும்பாலும் போகிறவர் பாடு. நம் நாட்டில் தேசிய உயர்கணித வாரியம் போன்றவை உதவுகின்றன, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் பிஎச்.டி. முடித்து அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சம்பளம் இல்லை. விசாவுக்கு வங்கிக் கணக்கில் இருப்புக் காட்ட வேண்டும். முதலில் கைக்காசைப் போட்டு, வந்தபின் பில் கொடுத்து வாங்கிக்கொள் என்றால் அந்தக் கைக்காசுக்கு எங்கே போவது? அதிலும் பெண் பிள்ளை என்றால், “இவ்வளவு கடன் வாங்கி அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?” என்று வீட்டிலேயே கேட்டுவிடுவார்கள்.

1914-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்து, துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த ஒருவரைக் கப்பலேற்றியது. பட்டம் இல்லாத அவர்தான் ராமானுஜன். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இருந்த துணிச்சல் இன்று நமக்கு வேண்டாமா?

ஆண்டுக்கு ஒரு டிக்கெட் போதும். தமிழ்நாட்டு இளம் கணித ஆய்வாளர் ஒருவருக்கு, போவதற்கு முன்பே முழுத்தொகையையும் கையில் கொடுப்போம். எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்கக் கூடாது. என்ன கண்டுபிடித்தாய் என்றும் நெருக்கக் கூடாது. திரும்பி வந்ததும் நம் அரசுப் பள்ளிக்கு வந்து ஒருநாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். தேர்வு செய்யும் வேலையைக் கணிதப் பேராசிரியர்களிடம் விட்டுவிடுவோம், நாம் தலையிட வேண்டாம்.

கோயில் திருப்பணி என்றால் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற ஊர் இது. மேடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்து கிளம்பும்போது, உங்கள் பெயரையும் முடிந்த தொகையையும் எழுதிவிட்டுப் போங்கள்.