பாடுவோர் இன்பமும் கேட்போர் இன்பமும்



கவியரங்குகளில் ஒரு காட்சியைக் காண்பதுண்டு. ஒருவர் பாட, மேடையில் உடன் அமர்ந்திருக்கும் கவிஞர்கள் தலையசைத்து மகிழ்ந்திருப்பர். கீழே அமர்ந்திருப்போர் மூன்றாம் கவிஞர் எழும்போதே கடிகாரத்தை நோக்கத் தொடங்குவர். பாடுவோர் பெறும் இன்பமும் கேட்போர் பெறும் இன்பமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. இவ்வேறுபாடு மிகப் பேரளவில் வெளிப்பட்ட கலைவடிவம் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அதன் பெயர் ஓரட்டோரியோ. பாடுதற்கு இனியது, கேட்டற்கு அலுப்பூட்டுவது என்னும் பழியை அது நெடுங்காலமாகச் சுமந்து வருகின்றது. அப்பழியில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வது கவிஞர்க்கும் பயன்படுவதே.

ஓரட்டோரியோ என்பது வேடமும் நடிப்பும் திரையும் இல்லாத இசைக்கதை. பெரும்பாலும் விவிலியக் கதையே பொருளாக அமையும். தனிப்பாடகர் சிலர், இசைக்கருவியாளர், இவர்களுக்குப் பின்னே வரிசை வரிசையாக நிற்கும் பாடற்குழு என்பன அதன் உறுப்புகள். குழுவினர் நால்வகைக் குரலினர்: பெண்குரலில் உயர்ந்தது சொப்ரானோ, தாழ்ந்தது ஆல்ட்டோ; ஆண்குரலில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பாஸ். நால்வகையினரும் ஒரே மெட்டைப் பாடுவதில்லை. ஒவ்வொரு வகைக்கும் தனி வழி உண்டு. அவ்வழிகள் பின்னிப் பிணைந்து செல்வதே பல்குரல் இசை. இவ்வகையில் உலகறிந்த படைப்பு ஹேண்டல் இயற்றிய 'மெசையா'. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-இல் தொடங்கி 24 நாட்களில் அவர் அதனை எழுதி முடித்தார்.

அதன் அரங்கேற்றம் 1742 ஏப்ரல் 13-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் நிகழ்ந்தது. கூட்டம் மிகும் என்று கருதி, மகளிர் வளையம் வைத்த அகன்ற பாவாடை அணியாமலும் ஆடவர் வாள் தரியாமலும் வரவேண்டும் என முன்னரே வேண்டிக்கொண்டனர். அதனால் எழுநூறு பேர் அவ்வரங்கில் இடம் பெற்றனர். கடன் கட்டமாட்டாது சிறையில் வாடியோரையும் இரு மருத்துவமனைகளையும் நோக்கித் திரட்டப்பட்ட அப்பொருளால் 142 பேர் விடுதலை பெற்றனர் என்பர். அன்று பாடியோர் அந்நகரின் இரு பேராலயங்களைச் சேர்ந்த பயிற்சி மிக்க சிறு குழுவினர். 1754-இல் லண்டன் அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் இப்படைப்பு பாடப்பட்டபோது எழுதிய கணக்கு இன்றும் உள்ளது. அதன்படி குழுப் பாடகர் பத்தொன்பதின்மர். அவருள் அறுவர் சிறுவர். ஹேண்டல் கேட்போர்க்காகவே எழுதினார் என்பதற்கு இவ்வெண்களே சாட்சி. பாடுவோர் சிலர், கேட்போர் பலர்.

அவர் மறைவுக்குப் பின் இந்த அளவு தலைகீழாயிற்று. 1784-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்த நினைவு விழாவில் பாடியோரும் இசைத்தோரும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர். 1859-இல் லண்டன் கண்ணாடி மாளிகையில் பாடியவர் மட்டும் 2,700-க்கும் மேற்பட்டவர். இத்துணைப் பேர் எங்கிருந்து வந்தனர் என்னும் வினாவுக்கு விடை ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உள்ளது. ஹடர்ஸ்ஃபீல்டு போன்ற நெசவு நகரங்களில் பாடற்சங்கங்கள் தோன்றின. அந்நகரச் சங்கம் 1836-இல் தோன்றியது. நொவெல்லோ பதிப்பகம் மலிவு விலையில் இசைநூல்களை அச்சிட்டது. ஜான் கர்வென் என்பவர் பரப்பிய 'டானிக் சோல்ஃபா' முறை, கோடும் புள்ளியும் அறியாதவர்க்கும் நம் ச ரி க ம போன்று எழுத்துகளாலேயே இசையைப் படிக்க வழி தந்தது. பகலெல்லாம் தறியின் இரைச்சலில் நின்றவர், மாலையில் ஹேண்டலின் இசையில் தம் குரலுக்கென ஓர் இடத்தைக் கண்டனர். இந்த இன்பத்தை எளிதாக எண்ணுதல் தகாது.

அந்த இன்பம் எத்தகையது? மெசையாவின் இறுதிப் பாடல் முழுவதும் 'ஆமென்' என்னும் ஒரே சொல்லால் ஆயது. பாஸ் குரலினர் தனியே தொடங்குவர். அவர் மெட்டை முடித்ததும் டெனர் குரலினர் அதனையே ஏந்துவர். பின்னர் ஆல்ட்டோ, அதன் பின்னர் சொப்ரானோ. ஆல்ட்டோ குரலினள் ஒருத்தி தன் முறைக்காகக் காத்து நிற்கும் நேரத்தில், இரு வகைக் குரல்கள் தன்னைச் சூழ்ந்து வளர்வதைக் கேட்கிறாள், தாளத்தை எண்ணுகிறாள், உரிய கணத்தில் நுழைகிறாள். அவள் நுழைந்ததும் அக்கட்டடம் ஒரு தளம் உயர்கின்றது. தான் இல்லையெனில் அத்தளம் இல்லை என்பதை அவள் உடலால் அறிகிறாள். நீண்ட தொடர்களில் குழுவினர் அனைவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவதில்லை. அடுத்தவர் பாடிக்கொண்டிருக்கையில் ஒருவர் வாங்குவார். அதனால் ஓசை அறுபடாது. தனி மனிதர் எவர்க்கும் இல்லாத மூச்சு குழுவுக்கு வாய்க்கின்றது. கீழே அமர்ந்தவர்க்கு இது தெரியவும் தெரியாது. தெரிய வேண்டுவதும் இல்லை. அவர் காதில் விழுவது ஒரே சொல், மீண்டும் மீண்டும். சொல்லின் சுவையை நாடும் கவிஞர்க்கு அது சோதனையே.

குரல்கள் பெருகப் பெருகப் பாடுவோர் இன்பம் பெருகும். கேட்போர் இன்பம் அவ்வாறு பெருகுவதில்லை. மெசையாவில் குழந்தையின் பிறப்பைக் கூறும் குழுப்பாடல் இதற்குத் தக்க சான்று. ஹேண்டல் அதன் மெட்டைப் புதிதாகப் புனையவில்லை. சில வாரங்களுக்கு முன் தாமே இரு சொப்ரானோக் குரல்களுக்கென எழுதிய இத்தாலியக் காதற்பாடலிலிருந்து எடுத்தார். காதலை நம்பமாட்டேன் என்னும் மறுப்புச் சொல்லோடு தொடங்கும் பாடல் அது. அம்மறுப்புச் சொல்லுக்கு உரிய அழுத்தம், ஆங்கிலத்தில் அவ்விடத்தில் வந்தமர்ந்த ஓர் இடைச்சொல்லின் மேல் விழுந்துவிட்டது. யாப்பறிந்தோர் இதைக் கேட்டுப் புன்முறுவல் பூப்பர், ஹேண்டல் பொருட்படுத்தவில்லை. இரு குரல்கள் விளையாடுதற்கென எழுந்த அந்த விரைந்த இசையை இரண்டாயிரம் பேர் கண்ணாடிக் கூரையின் கீழ் பாடினால் என்னாகும்? பாடுவோர் ஒவ்வொருவர்க்கும் தம் சுரம் தெளிவாகக் கேட்கும். எட்டி அமர்ந்தவர்க்கு இரைச்சல் கேட்கும். இசைத் திறனாய்வாளராக இருந்த பெர்னார்ட் ஷா, பெருந்திரள் கூட்டி விழா எடுப்பதை விடுத்துத் தேர்ந்த பாடகர் இருபதின்மரைக் கொண்டு மெசையாவைச் செம்மையாகப் பாடினால் என்ன என்று 1891-இலேயே கேட்டார். அவர் கேட்டது கேட்போர் சார்பான நியாயம்.

இனி, பாடுவோர் இன்பத்தையே அளவுகோலாகக் கொண்டால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை 1900-ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் விழா காட்டும். கார்டினல் நியூமன் எழுதிய, இறக்கும் ஒரு முதியவரின் ஆன்மா செல்லும் வழியைப் பாடும் கவிதைக்கு எல்கர் இசையமைத்தார். 'ஜெரான்ஷியஸின் கனவு' எனப்படும் அப்படைப்பு, மெண்டல்சோனின் 'எலியா' 1846-இல் பெருவெற்றி பெற்ற அதே நகரில் அக்டோபர் 3-இல் அரங்கேறிற்று. குழுவைப் பயிற்றுவித்தவர் இடையில் இறந்துபோனார். இசைநூல் காலம் தாழ்ந்தே கைக்கு வந்தது. ஹேண்டலும் மெண்டல்சோனும் பழகிய பாடகர்க்குப் புதிய இசை பிடிபடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. சுருதி இறங்கிற்று, அரங்கேற்றம் பாழாயிற்று. எல்கர் மனமுடைந்தார். ஆயின் அன்று அவையில் இருந்த ஜெர்மானிய இசை நடத்துநர் யூலியஸ் பூட்ஸ், அச்சிதைந்த பாட்டினூடே படைப்பின் உருவை உணர்ந்தார். அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1901 டிசம்பரில் டூசல்டோர்ஃப் நகரில் பாடச்செய்தார். அங்கே பெற்ற சிறப்புக்குப் பின்னரே இங்கிலாந்து அதனை ஏற்றது. பாடிய நூற்றுக்கணக்கானோர் தவறவிட்டதைக் கேட்ட ஒருவர் பெற்றார் என்க.

1974 முதல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் வேறொரு வழக்கம் தோன்றியது. வந்தவரெல்லாம் இசைநூலைக் கையில் ஏந்தித் தத்தம் குரல்வகைப்படி அமர்ந்து மெசையாவைப் பாடும் நிகழ்ச்சி அது. கேட்போர்க்கென்று கூட்டிவைத்துத் தாமே மகிழ்வதைவிட, எல்லாரும் பாடகர் என வெளிப்படையாகக் கூறிவிடுவது நேர்மையானது.

ஆயினும் பாடுவோர்க்கு ஒருபோதும் முழுமையாகக் கிட்டாத இன்பம் ஒன்று உண்டு. அது வியப்பு. ஹைடன் 1791-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் ஹேண்டலின் இசையை அவையோருள் ஒருவராக அமர்ந்து கேட்டவர். பின்னர் அவர் இயற்றிய 'படைப்பு' என்னும் ஓரட்டோரியோவின் தொடக்கத்தில் இருளைக் கூறும் இசை தெளிவற்றுத் தவழ்கின்றது. குழுவினர் தணிந்த குரலில் முணுமுணுப்பது போலப் பாடுகின்றனர். ஒளி என்னும் சொல் வந்ததும் எல்லாக் குரலும் எல்லாக் கருவியும் ஒரே கணத்தில் வெடித்தெழுகின்றன. அரங்கேற்றத்துக்கு முன் அப்பக்கத்தை நெருங்கியவர்க்கும் காட்டாது ஹைடன் மறைத்துவைத்தார் என அக்காலத்து ஸ்வீடன் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவர் எழுதியுள்ளார். யாருக்காக மறைத்தார்? கேட்போர்க்காகவே. பாடுவோர்க்கு அவ்வொளி முதல் ஒத்திகையிலேயே விடிந்துவிடும்.

1808 மார்ச் 27-இல் வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் அப்படைப்பைச் சாலியேரி நடத்தினார். எழுபத்தாறாம் பிறந்தநாளுக்கு நான்கு நாட்களே இருந்த ஹைடனை நாற்காலியில் வைத்துச் சுமந்து வந்தனர். அந்த ஒளியின் கணத்தில் அவை ஆரவாரித்தது. தாமே எழுதி, தாமே பலமுறை நடத்திய அவ்விடத்தைக் கேட்டு நடுங்கிய முதியவர், இஃது அங்கிருந்து வருகின்றது என்பதுபோல் கையை மேலே உயர்த்தினார் என்பர். முதற்பகுதி முடிந்ததும் அவரை வீட்டுக்குக் கொண்டு சென்றனர். எஞ்சிய இரு பகுதிகளையும் குழுவினர் அவர் இன்றியே பாடி முடித்தனர்.