விஞ்ஜானா மலையிடுக்கு



ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லி என்னும் பெருநிலம் இருக்கிறது. அதனை ஊடறுத்துச் செல்லும் கிப் ஆற்றுச் சாலையின் நீளம் சுமார் 660 கிலோமீட்டர். முன்னர் மாடுகளைக் கொண்டுசெல்ல அமைத்த பாதை அது. மழைக்காலத்தில் ஆறுகள் அதனை மறித்துவிடும். மழையற்ற மாதங்களில், நான்கு சக்கரங்களிலும் விசை பாயும் வண்டிகளில் கூடாரமும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் புறப்படுகின்றன. வண்டி பழுதுபட்டால் அதனைவிட்டு அகலலாகாது என்பதே பிள்ளைகளுக்கு முதற்பாடம். தேடி வருவோர்க்குத் தனி மனிதனைவிட வண்டியே எளிதில் புலப்படும்.

அவ்வழியினின்று சற்றே விலகினால் விஞ்ஜானா மலையிடுக்கை அடையலாம். லெனார்டு ஆறு அறுத்த அவ்விடுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அங்கே எஞ்சிய குட்டைகளில் நன்னீர் முதலைகள் வெயில் காய்கின்றன. செங்குத்தான அச்சுவர்கள், 35 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கடல்வாழ் உயிர்கள் கட்டிய திட்டின் எச்சம் என்றால் வியப்பன்றோ!

எனினும் இங்கு வியக்கத்தக்கது கல் மட்டுமா? இது புனுபா மக்களின் தாயகம். மேய்ச்சலுக்காகத் தம் நிலம் பறிபோவதை எதிர்த்து, 1894இல் ஜண்டமரா என்னும் இளைஞர் தலைமையில் அவர்கள் இவ்விடுக்கிலேயே காவற்படையுடன் போரிட்டனர். 1897இல் அருகிலுள்ள குகையாற்றின் அருகே அவர் கொல்லப்பட்டார்.

வரைபடத்தில் அந்நிலம் வெறுமையாகத் தோன்றலாம். அங்கே கூடாரமடிக்கும் குடும்பமோ பிறர் இல்லத்து முற்றத்தில் உறங்குகிறது. விடியலில் அடுப்புச் சாம்பலை அணைத்து, குப்பையைத் தன்னுடனே எடுத்துச்செல்வது விருந்தினர்க்குரிய பண்பாகும்.