மார்ச் மாதத்துத் தூண்டில்

நான் திருகோணமலை லிங்கநகரில் படகு இயந்திரம் திருத்துபவன். தூண்டில் போட்டிகளால் ஒரு கரையோர ஊரின் உல்லாசப் பயணத் தொழிலுக்கு என்ன கிடைக்கும் என்று பேச வந்திருக்கிறேன்.

மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் 1981இல் ஆறே படகுகளுடனும் பத்தாயிரம் டொலர் பரிசுடனும் ஒரு மார்லின் போட்டி தொடங்கியது. இன்று பரிசு மில்லியன் கணக்கில் போகிறது. என் கண்ணில் படுவது போட்டி நடக்கும் மாதம்தான். ஒக்டோபர், குளிர்காலப் பயணிகள் கூட்டம் இன்னும் வந்து சேராத நேரம். 2014 செப்டம்பரில் ஓடில் சூறாவளி அந்த ஊரைப் புரட்டிப் போட்டது. அடுத்த மாதமே போட்டியை நடத்தினார்கள். சுனாமிக்குப் பிறகு முதல் விருந்தினருக்காகக் காத்திருந்த நிலாவெளி மக்களுக்கு அதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

நம் கடலுக்கு என்ன குறை? கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது. மற்ற இடங்களில் வெகுதூரம் ஓடித் தேடும் ஆழம் நமக்குக் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோணேசர் மலையில் நின்றே நீலத்திமிங்கிலம் பார்க்கிறவர்கள் நாம். அறுக்குளா, சூரை, பாரை, மயில்மீன் எல்லாம் இந்த ஆழத்தின் ஓரமாகத்தான் திரிகின்றன.

மீன் இருந்தும் வாடகைக் கணக்கில் நாம் தவறுகிறோம். ஒருநாள் நிலாவெளித் தம்பி ஒருவர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இழுக்குதில்லை."

பிளக்கைக் கழற்றினேன். முனை முழுக்க எண்ணெய் ஊறிய கரி, விரலில் பிசுபிசுவென ஒட்டியது.

"எங்க போய் வந்தீங்க?"

"வெள்ளைக்காரரோட அறுக்குளாவுக்கு. விடிய இருந்து மத்தியானம் மட்டும் மெதுவா இழுத்தனாங்க."

மண்ணெண்ணெய் இயந்திரத்தை மணிக்கணக்கில் மெதுவாக ஓட்டினால் கரி பிடிக்கத்தான் செய்யும். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். எரிபொருள் செலவும் மேலே கொஞ்சமும் வாங்கியிருந்தார். பிளக், என் கூலி, அன்று அவர் விட்ட சொந்தத் தொழில் எதுவும் அதில் சேரவில்லை. படகு வைத்திருக்கும் நேயர்களே, இவற்றையும் கூட்டித்தான் வாடகை சொல்ல வேண்டும். ஒரு போட்டி நடந்தால் அந்தக் கணக்கு எல்லோருக்கும் பொதுவாக எழுத்தில் வந்துவிடும்.

போட்டி நடத்தும் காலத்தையும் பார்க்க வேண்டும். ஜூலை, ஓகஸ்டில் விடுதிகள் தாமாகவே நிறைகின்றன. நம்மவருக்கும் அப்போதுதான் நல்ல தொழில்; மேற்குக் கரையிலிருந்து வருகிறவர்களும் வாடி போட்டிருப்பார்கள். அந்த நெரிசலில் போட்டிப் படகுகளும் வலைக்குக் குறுக்கே ஓடினால் சண்டைதான் மிஞ்சும். மார்ச் நடுப்பகுதி நல்லது. வாடைக்காற்று தணிந்திருக்கும், திமிங்கிலம் வரும், அறைகள் வெறுமையாக இருக்கும். ஐஸ்காரர், சமையல்காரர், ஓட்டோக்காரர் எல்லோருக்கும் பருவம் ஒரு மாதம் முந்தித் தொடங்கும்.

நேரம் நெருங்குகிறது; போட்டிக்கு வேண்டிய விதிகளையும் சொல்லிவிடுகிறேன். அறுக்குளாவை நிறுத்துச் சந்தைக்கு அனுப்பலாம். மயில்மீனை அளந்து கடலிலேயே விட வேண்டும். 2003 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் புறாத்தீவுப் பக்கம் தூண்டிலே போகக் கூடாது. படகும் தண்டலும் இந்தக் கரையைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களின் கூலி போட்டிக்கு முதல்நாளே கையில் கிடைக்க வேண்டும். அப்படியொரு மார்ச் மாதம் நமக்கு வரட்டும்.