ஈப்போவின் காப்பிக் கடையும் தோட்டத் தமிழரும்



ஈப்போ என்றவுடன் வெள்ளைக் காப்பி நினைவுக்கு வருவது இன்று உலக வழக்காகிவிட்டது. பழைய நகரின் பண்டார் தீமா சாலையில் 1937 முதல் இயங்கிவரும் சின் யூன் லோங் கடையிலும், அதே சாலையிலுள்ள நாம் ஹியோங் கடையிலும் வெளியூரார் இடத்திற்காகக் காத்து நிற்பதைக் காண்கிறோம். நம் உரை அக்காப்பியின் சுவையைப் பற்றியதன்று. அத்தகைய மேசைகளில் தமிழர் அமர்ந்ததால் அவர்க்குக் கிடைத்தது என்ன என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

காப்பியோடு மலாயாத் தமிழர்க்குள்ள தொடர்பு கடையில் தொடங்கவில்லை, காட்டில் தொடங்கிற்று. இலங்கையின் காப்பித் தோட்டங்களை 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அழித்தது. அங்கிருந்த துரைமார் சிலர் மலாயாவுக்குப் பெயர்ந்து இங்கே காப்பி பயிரிட்டனர். பிரேசில் நாட்டின் மிகை விளைச்சலால் 1890களின் இறுதியில் விலை வீழ்ந்தபோது, காப்பி நின்ற நிலத்தில் ரப்பர் ஏறியது. கோலாகங்சாரில் 1877இலேயே ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டிருந்தன. ஆக, ரப்பருக்கு முன்னரே காப்பிச் செடிக்குக் களை பறித்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் காசு கொடுத்து ஒரு கிண்ணம் காப்பியை மேசைமேல் வாங்கிக் குடித்தது நெடுங்காலம் கழித்தே.

அக்கிண்ணத்தை முன்வைத்தவர் பெரும்பாலும் ஹைனான் சீனர். பிற சீனர் ஈயத்திலும் வணிகத்திலும் முன்னரே கால் ஊன்றிவிட்டமையால், பிந்தி வந்த ஹைனானியர் சமையலிலும் காப்பிக் கடையிலும் புகுந்தனர். கறுப்புக் காப்பிக்குக் கொட்டையைச் சர்க்கரை, கோதுமை, மார்ஜரின் ஆகியவற்றோடு வறுப்பது வழக்கம். வெள்ளைக் காப்பிக்கு மார்ஜரின் மட்டுமே. வெண்மை என்பது வறுவலின் நிறத்தைக் குறித்ததேயன்றிப் பாலைக் குறித்ததன்று. கடையின் பெயரும் கலப்புப் பெயர்தான்: ‘கோப்பி’ மலாய், ‘தியாம்’ ஹொக்கியன். ‘கோப்பி ஓ’ என்பதில் ஓ என்றால் கறுப்பு. ‘கோசோங்’ என்றால் வெறுமை, அதாவது சர்க்கரையில்லை. எழுத்தறியாத் தோட்டத்துத் தமிழரும் இவ்விருமொழித் தொடரைப் பிழையின்றிச் சொல்லி வாங்கினார். மொழி மன்றத்தார் இதனைச் சிறிது பொறாமையோடு நோக்கலாம்.

தோட்டத்து வாழ்வை நினைந்தால்தான் இம்மேசையின் அருமை விளங்கும். விடியுமுன் பெரட்டில் நிற்க வேண்டும். மரம் சீவப் போனபின் கொண்டுபோன வரக்கோப்பியோடு மரத்தடியில் பசியாற வேண்டும். துரை எதிரே வந்தால் மிதிவண்டியினின்று இறங்கி நிற்க வேண்டும். இம்முறையை ஒழிக்கக் கேட்டதும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடக் கேட்டதும் 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் அடங்கியவை. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நாம் எண்ணுகிறோம். தோட்டத்துக்குள் ஆடவர் கூடுதற்கென இருந்த இடம் கள்ளுக்கடை. அங்கே கூலியின் ஒரு பகுதி கரைந்தது. சம்பளம் வாங்கிய வாரத்தில் நகரத்துக் காப்பிக் கடைக்கு வந்தவரோ நாற்காலியில் அமர்ந்தார்; கேட்டதை மற்றொருவர் கொண்டுவந்து வைத்தார். எழுந்து நில் என்று சொல்வார் அங்கில்லை.

தாயகத்தில் அக்காலத்தே இதுவும் எளிதன்று. சென்னை மாகாணத்துக் காப்பி ஓட்டல்களில் சாதிக்கொரு பந்தி இருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிக்கப் பெரியாரின் இயக்கத்தார் 1957இலும் போராட வேண்டியிருந்தது. ஹைனான் கடைக்காரர் சமத்துவம் கற்றவர் என்று நாம் புகழ வரவில்லை. அவர்க்குத் தமிழரின் சாதி தெரியாது, தெரிந்துகொள்ள நேரமுமில்லை, காசு தெரியும். அவ்வறியாமை நமக்கு நன்மையாய் முடிந்தது. தோட்டத்து லயங்களில் சாதி பிரிந்தே கிடந்ததையும் மறைப்பதற்கில்லை. 1929 டிசம்பரில் பெரியார் ஈப்போவுக்கு வந்து தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தபோது, அவர் பேச்சைக் கேட்டவர்க்கு ஒரே மேசை என்பது முற்றிலும் புதிய கற்பனையாய் இருந்திராது என்பது நம் கருத்து.

மேசைக்கு நாளிதழ் துணையாயிற்று. 1924இல் தமிழ் நேசனும் 1935இல் தமிழ் முரசும் தோன்றின. ஒருவர் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாதார் சூழ்ந்து கேட்டனர். ஒரே தாள் பத்துப் பேர்க்குப் பயன்பட்டது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் துரைமார் மூவர் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தபின், ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் பேராக்கை இறுக்கின. காட்டிலிருந்தோர்க்கு உணவு போகாதபடி டின் உணவைத் துளையிட்டு விற்கும் விதி வந்தது. டின்பாலில் பிழைக்கும் கடைக்கு இது எத்தகைய தொல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இம்மேசைகளில் பெண்கள் இல்லை. கணவர்க்கு முன்னெழுந்து கோப்பி கலக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, அதே மரங்களைச் சீவிய தாய்மார்க்குக் கடையில் நாற்காலி கிடைக்கவில்லை. அவர்களின் பேச்சு தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் நிகழ்ந்தது. காப்பிக் கடையை ஊரின் நாடாளுமன்றம் எனப் போற்றுவோர் அதன் பாதி இருக்கைகள் வெறுமையாய் இருந்ததை மறத்தலாகாது.

பின்னர்த் துண்டாடல் வந்தது. சிறுசிறு கூறுகளாகத் தோட்டங்கள் விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கும் வழி கண்டார். எனினும் செம்பனையும் வீடமைப்பும் ரப்பரை விழுங்கின. 1985இல் ஈய விலை சரிந்து ஈப்போவே தளர்ந்தது. லயங்களை விட்டு வந்தோர் நகர விளிம்பின் குடியிருப்புகளில் தங்கினர். அவர்கள் கூடும் இடம் ஒட்டுக்கடை: தகரக் கூரை, நான்கு மேசை, இழுத்து ஆற்றிய தேநீர். 1999இல் தொடங்கிய ஓல்ட்டவுன் நிறுவனம் வெள்ளைக் காப்பியைப் பொட்டலமாகவும் குளிரூட்டிய கடையாகவும் நாடெங்கும் கொண்டுசென்றது. அங்கே இன்று நம் பெண்கள் தாராளமாக அமர்கின்றனர். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஓய்வூதியமில்லாத முதியவர் அங்கே இரண்டு மணி நேரம் அமர இயலாது.

ஒட்டுக்கடையில் புதியவர் ஒருவர் வந்தமர்ந்தால் முதல் வினா ‘எந்தத் தோட்டம்?’ என்பதே. துரை ஏட்டில் ஆங்கிலப் பெயரும் மக்கள் நாவில் தமிழ்ப் பெயரும் கொண்டவை அத்தோட்டங்கள். ஏட்டுப் பெயர் நிலப்பதிவில் இருக்கிறது. தமிழ்ப் பெயரோ அம்முதியோர் வாயில் மட்டுமே உள்ளது. அவர்களுட் பலர் எழுபதைக் கடந்தவர். அப்பெயர்களைத் தொகுக்க விழையும் இளையோர் நூலகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டா. காலை ஏழு மணிக்குப் போனால் போதும். வெயில் ஏறியபின் அவர்கள் அங்கே இருப்பதில்லை.