சீருடையைக் கழற்றிய பிறகு

(சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





செயலாளர் என்னை அழைத்து, "ராணுவத்திலிருந்து தொழிலுக்கு வந்த கதையைச் சொல்லுங்கள், இருபது நிமிடம் போதும்" என்றார். 27 ஆண்டுகள் திடலில் நின்று கத்திப் பழகியவன் நான். ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன். பின்வரிசையில் குழந்தைகள் தூங்குவார்கள், கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார். முயற்சி செய்கிறேன்.

என் அத்தா தஞ்சோங் பகாரில் சாப்பாட்டுக் கடையில் நின்றவர். 1987ல் தேசிய சேவைக்குப் போன நான், முடித்து வந்து அவரோடு கல்லாவில் உட்காருவேன் என்று நினைத்திருந்தார். நிரந்தரமாகவே ஆயுதப்படையில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "அங்கே சோறு நல்லாப் போடுறாங்களா?" என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

ராணுவத்தில் என் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதிலேயே போயின. தெக்கோங் தீவுக்குத் தொப்பையோடு வந்த பிள்ளைகள் 24 கிலோமீட்டர் நடையை முடித்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் 2014ல், 45 வயதில் சீருடையைக் கழற்றியபோது, அடுத்து என்ன என்ற குழப்பமே எனக்கு வரவில்லை. உடற்பயிற்சிக்கூடம்தான். பிள்ளைகளை ஐபிபிடி சோதனையில் தேறவைப்பேன், கூட்டம் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கை இங்கே விவரமாகச் சொல்கிறேன். இளைஞர்கள் சிலர் இதே எண்ணத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

வாடகை மாதம் 4,200 வெள்ளி. மூன்று மாத வாடகை முன்பணம். கருவிகளுக்கும் தரையில் விரிக்கும் ரப்பருக்கும் 38,000. ஜூன் மாதம் கம்பியில் தொங்கி எழும் பயிற்சிக்கென்று நல்ல இரும்புச் சட்டங்கள் வாங்கினேன். அப்போது ஐபிபிடியில் ஐந்து அங்கங்கள். கம்பியில் எழுவதில்தான் பாதிப் பேர் தோற்பார்கள் என்பது என் அனுபவம். ஜூலையில் அறிவிப்பு வந்தது: அடுத்த ஏப்ரல் முதல் மூன்று அங்கங்கள்தான். தண்டால், எழுந்து அமர்தல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். தண்டாலுக்கும் ஓட்டத்துக்கும் யாராவது மாதம் 90 வெள்ளி கொடுத்து என் கடைக்கு வருவார்களா? புளோக்கின் கீழேயே செய்துகொள்ளலாம். என் இரும்புச் சட்டங்கள் துணி காயப்போடத்தான் பயன்பட்டன.

இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. இந்த ஊரில் ஆக்டிவ்எஸ்ஜி கூடத்தில் இரண்டரை வெள்ளி கொடுத்தால் உள்ளே போய்விடலாம். அரசாங்கம் இரண்டரை வெள்ளிக்குக் கொடுப்பதை நான் தொண்ணூறு வெள்ளிக்கு விற்க உட்கார்ந்திருந்தேன். வாடகைக்கு மட்டுமே 47 பேர் வேண்டும். அதிகபட்சமாக வந்தவர்கள் 31 பேர். அவர்களையும் நான் விரட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமாக வந்த ஒரு கணக்காளரை இருபது தண்டால் எடுக்கச் சொன்னேன். எடுத்தார். மறுநாள் வரவில்லை. பணம் கட்டுகிறவர் நம் சிப்பாய் அல்லர் என்பது மண்டையில் ஏற எனக்கு ஒரு வருடம் ஆனது.

பதினான்கு மாதத்தில் மூடினேன். ஒப்பந்தத்தில் இருந்ததை நான் சரியாகப் படிக்கவில்லை. எடுத்தபோது இருந்த நிலையில் இடத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். ரப்பரை உரிக்க, சுவரைப் பூச, அதற்கே 9,000. மொத்தத்தில் 70,000 வெள்ளிக்கு மேல் கரைந்தது. ராணுவத்தில் சேர்த்த பணத்தில் பெரும்பகுதி அது. வீட்டுக்காரி ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அவள் வளையல்களைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டதை மட்டும் ஒருநாள் பார்த்தேன். கேட்டதற்கு, "வேலை செய்யும்போது இடிக்குது" என்றாள்.

மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் சுப்ஹு தொழுகை முடிந்து வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவர். "தம்பி, நீ பட்டாளத்துல எக்சசைஸ் சொல்லிக் குடுத்தவனாமே. தரையில உட்கார்ந்து எழுந்திரிக்க ஏதாவது வழி இருக்கா? சஜ்தா செஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையை ஓடவைக்கத் தெரியும். 71 வயது முட்டியை மடக்கவைக்கத் தெரியாது. முதியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் மாணவனாகச் சேர்ந்தேன். முதலுதவிச் சான்றிதழைப் புதுப்பித்தேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து முப்பது விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணும் ஒரு சோதனை உண்டு. பெரியவரால் நான்கு முறை முடிந்தது. அங்கிருந்து தொடங்கினோம். தொடையில் பலம் வந்தால்தான் முட்டி தாங்கும். ஒரு மாதம் நாற்காலி, பிறகு அதைவிடத் தாழ்வான முக்காலி, பிறகு படிக்கட்டு. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொன்றும். ஏழு மாதம் ஆனது அவர் நெற்றி தரையில் பட. அன்று அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அவர் நண்பர்கள் ஐந்து பேரை அழைத்து வந்தார். புளோக்கின் கீழ்த்தளத்தில் ஆறு நாற்காலி. வாடகை இல்லை. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவு நோய்க்கு எதிராகப் போர் என்று அறிவித்தபோது, இப்போதுதானே ஒரு போர் முடித்து வந்தேன் என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த நோய் என்னைச் சிரிக்கவிடவில்லை. ஒருநாள் காலை ஒருவர் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, பசியாறாமல் வகுப்புக்கு வந்தார். நான் கேட்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. பக்கத்துக் கடையிலிருந்து இனிப்புப் பானம் ஓடிப்போய் வாங்கிவந்து கொடுத்தோம், தெளிந்தார். தவறு என்னுடையது. அன்றிலிருந்து வகுப்பு தொடங்குமுன் இரண்டு கேள்வி: என்ன மாத்திரை போட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்? என் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கும் அது தெரிந்துவிட்டது.

பெண்களுக்கான வகுப்பை நான் நடத்தவில்லை. என் மகள் படித்துத் தேறி, சமூக மன்றத்தில் ஓர் அறையை மணிக்கணக்கில் எடுத்து நடத்துகிறாள். லாத்தாமார்கள் நிறைய வருகிறார்கள். நேர்மையாகச் சொன்னால் இப்போது வருமானத்தில் பாதிக்கு மேல் அந்த வகுப்பில்தான். அலமாரியிலிருந்த வளையல்கள் மறுபடி கைக்கு ஏறியதும் அந்தப் பணத்தில்தான் என்று மகள் அடிக்கடி எனக்கு நினைவூட்டுகிறாள்.

காசு பற்றி ஒரு வார்த்தை. மாதம் எட்டு வகுப்பு, 60 வெள்ளி. "நம்ம ஆளுதானே, எங்கிட்டேயுமா?" என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன். பிரியாணிக் கடையில் போய் இப்படிக் கேட்பீர்களா? கேட்பவர்களும் உண்டு என்று கடைக்காரர் அங்கே தலையாட்டுகிறார். கட்ட முடியாதவர்கள் தனியாக என் காதில் சொன்னால் போதும், வேறு யாருக்கும் தெரியாது. கட்ட முடிந்தவர்கள் கட்டுங்கள்.

கோவிட் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி எல்லாம் அடைபட்டது. பேரப்பிள்ளைகள் தாத்தாக்களுக்கு ஸூம் போட்டுக்கொடுத்தார்கள். அந்த ஆண்டு நோன்பும் அதற்குள் வந்தது. நோன்பு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, வேகம் இல்லாமல், நாற்காலியைப் பிடித்தபடி பயிற்சி. திரையில் பாதிப் பேருடைய நெற்றி மட்டும்தான் தெரியும். சிலருக்குப் பள்ளிவாசல் மூடியிருந்த அந்த மாதத்தில் மற்றவர் முகத்தைப் பார்த்தது அங்கேதான். ஆகவே பாதி நேரம் பேச்சிலேயே போனது, நான் தடுக்கவில்லை.

சீருடையைக் கழற்றப்போகும் தம்பிகள் என்னிடம் வருகிறார்கள். கடை எடுக்காதே, முதல் ஆண்டு பூங்காவிலோ கீழ்த்தளத்திலோ முறையாக அனுமதி வாங்கி நடத்து, அக்ராவில் பதிவு செய், காப்புறுதி எடு, மசேநிதியைத் தொடாதே. பாதிப் பேர் கேட்பதில்லை. நானும் அன்று கேட்டிருக்கமாட்டேன்.

அத்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். சர்க்கரையில் ஒரு கால் போய், 2009ல் மௌத்தானார். அப்போது நான் தெக்கோங்கில் மற்றவர் பிள்ளைகளை ஓடவைத்துக்கொண்டிருந்தேன். அவரை ஒருநாள்கூட நடக்க அழைத்துப் போனதில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு. அத்தா, உம்மா, மாமா, மாமி யாரையாவது அழைத்து வாருங்கள். முதல் வகுப்புக்குப் பணம் இல்லை. தண்ணீர்ப் போத்தலும், போடும் மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். பசியாறிவிட்டு வாருங்கள்.