எந்த நிறம் எந்தச் சாம்பல்?



சென்னையின் கொரட்டூர் ரயில் நிலைய நடைமேடையில் காலை ஏழு மணி வாக்கில் நின்று பாருங்கள். கிழக்கே வில்லிவாக்கம் பக்கமிருந்து தண்டவாளத்தின் போக்கிலேயே வெயில் வரும். கம்பங்களின் நிழலும் வண்டிக்குக் காத்திருப்பவர்களின் நிழலும் அம்பத்தூர் பக்கமாக நீண்டு கிடக்கும். கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கப் பழகுகிறவர், கேமராவைத் தொடுவதற்கு முன் இப்படிச் சில நாள் வெறுமனே பார்க்க வேண்டும்.

கலரில் எடுத்துவிட்டு, பிறகு ஒரு பொத்தானைத் தட்டினால் கறுப்பு வெள்ளை ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகும்தான். ஆனால் பச்சைச் செடிக்கு முன்னால் சிவப்புச் சேலை கட்டி ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். கண்ணுக்கு எடுப்பாகத் தெரிந்த அந்தச் சேலை, பொத்தானைத் தட்டியதும் செடியின் சாம்பலோடு சாம்பலாக ஒட்டிக்கொள்ளக்கூடும். எந்த நிறம் எந்தச் சாம்பலாகும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் இந்தக் கலையில் பாதி.

இந்தச் சிக்கல் பழையது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், திருச்சி எல்லாம் சுற்றி வந்து கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது ரசாயனம் பூசிய காகித நெகட்டிவ். அது நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். கோபுரம் சரியாக விழுந்தால் வானம் வெறிச்சென்று போய்விடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்து நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தீட்டினார். எடிட்டிங் கணினியோடு வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால், அந்த மேகங்களைக் காட்டலாம்.

பின்னால் எல்லா நிறங்களையும் உணரும் ஃபிலிம் வந்தது. 1967 முதல் ஊட்டியில் நம் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் தயாரித்தது. அந்தக் காலத்துக்காரர்கள் லென்ஸின் முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடியை மாட்டுவார்கள். சிவப்புக் கண்ணாடி நீலத்தைத் தடுக்கும், வானம் கறுக்கும், வெள்ளை மேகம் துலங்கி நிற்கும். இன்று லைட்ரூம் போன்ற செயலிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கிறது. நீலத்தைக் குறைத்தால் அதே வேலை நடக்கும். ஆனால் கோப்பில் நிறம் மிச்சமிருந்தால்தான் அது முடியும். அதனால் கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 'ரா' கோப்பாக எடுங்கள்; கேமராவின் திரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பது சாம்பல், சேமிப்பது கலர். பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்போஷர், அதாவது ஒளியின் அளவு, பழகக் கொரட்டூர் ஏரி இருக்கிறது. நாமக்கோழி என்ற நீர்ப்பறவை கண்ணில் பட்டால் விடாதீர்கள். உடம்பெல்லாம் கறுப்பு, அலகும் நெற்றியும் மட்டும் நாமம் போட்டது போல வெள்ளை. கறுப்புக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் நெற்றி வெளிறி விவரமே இல்லாமல் போகும். டிஜிட்டலில் வெளிறிப்போனது திரும்பி வராது. நெற்றியைக் காப்பாற்றி எடுங்கள். இறகின் கறுப்பைப் பிறகு மெல்ல மேலே கொண்டுவரலாம். அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்குவது, இந்த இடத்தை மட்டும் இருட்டாக்குவது: இருட்டறையில் கையால் ஒளியை மறைத்தும் விட்டும் செய்த வேலை, இன்று விரல் நுனியில் நடக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்லைடரில் இருக்கிறது. அதைக் கூட்டினால் முகம் வெளுத்துவிடும். ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்கியவர்கள் உண்டு. நாம் அதைத் தொடர வேண்டியதில்லை. மாநிறமும் கறுப்பும் கறுப்பு வெள்ளைப் படத்தில் எவ்வளவு ஆழமாக விழும் என்று தெரிய, ஒருமுறை உங்கள் பாட்டியை ஜன்னலோரம் பக்கவாட்டில் உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சம் போதும். ஸ்லைடரைத் தொடாமல் முதல் பிரிண்டைப் போட்டு, அவரிடமே காட்டுங்கள்.