பின்பனியும் பனிச்சறுக்கும்

மார்கழி வைகறையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை செல்வோர் தலையில் மப்ளர் சுற்றிக்கொள்வது பனிக்கு அஞ்சியே. அந்தப் பனி புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. இமயத்தில் ஆளுயரத்திற்குக் குவிவதும் தமிழில் பனிதான். 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸில், அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த கட்டிகள் இருப்பு வைக்கப்பட்டன. அவற்றைச் சொல்வதற்கும் பனி என்ற சொல்லே கைகொடுக்கிறது.

ஒரு சொல் பல பொருளைத் தாங்குவதில் குறையில்லை. ஒரு சொல் தான் சுட்டும் செயலில் பாதியை மறைத்துவிடுமானால், அதைக் கவிஞர்கள் கவனித்தாக வேண்டும். ‘பனிச்சறுக்கு’ அத்தகைய சொல்.

‘ஸ்கீ’ என்பது நார்வே நாட்டுச் சொல். பிளந்த மரத்துண்டு என்பது அதன் பழம்பொருள். அச்சொல்லில் சறுக்குதல் இல்லை. காலில் கட்டும் மரம் மட்டுமே உண்டு. தமிழாக்கம் மரத்தை விட்டுச் சறுக்கலை எடுத்துக்கொண்டது. கம்பிவட ஊர்தியில் உச்சிக்குச் சென்று வழுக்கி இறங்கும் விளையாட்டுக்கு அது பொருந்தும். ஊர்தியின்றி மலையேறுவோர்க்குப் பொருந்தாது. அவர்கள் சறுக்குப் பலகையின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டுகின்றனர். முன்பு அது கடல்நாயின் தோல். இன்று ஆட்டு மயிரோ நைலானோ. அதன் மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கும், பின்னே நழுவாது. குதிகால் கட்டின்றி உயரும். பல மணி நேரம் ஏறிய பின்னர் இறக்கம் சிறிது பொழுதில் முடிந்துவிடும்.

உத்தரகண்டில் ஜோஷிமடத்திற்கு மேலே உள்ளது ஔலி. ஜோஷிமடத்தைத் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று கொள்வது வைணவ மரபு. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் ஔலியிலும் நடைபெற்றன. 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டபோது, இரண்டு இடங்களையும் இணைத்த ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது. பழனியில் ரோப் கார் பராமரிப்புக்காக நிற்கும் நாட்களில் அடியார்க்குப் படிகள் இருக்கின்றன. பனிமலையில் படியில்லை, ஏறுவோர் தாமே தடம் இட வேண்டும்.

பனியும் இப்போது காலம் தவறி வருகிறது. 2025-இல் குல்மார்க்கில் பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், போதிய பனியின்மையால் தள்ளிவைக்கப்பட்டு, பிந்தி வந்த பனிக்குப் பின் மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. தமிழ்க் கணக்கில் அது மாசி, பின்பனிப் பருவம்.

தொல்காப்பியர் வேனிலோடு பின்பனியையும் பாலைக்கு உரியதாக்கினார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. அதன் வழி ஆளற்றது, ஆபத்து மிக்கது. மூடிய சறுக்குத்தளத்தில் புதுப்பனி விழுந்த காலைப்பொழுது இந்த இலக்கணத்தோடு வியப்பூட்டும் வகையில் ஒத்துப்போகிறது. ஊர்திகள் நின்றிருக்கும், காவலர் இரார், சரிவுகளைச் சோதித்துப் பாதுகாப்பு அறிவிப்பாரும் இரார். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு மிகுதி. வெயில் ஏற ஏறப் புதுப்பனி நீர்கோத்துக் கனத்துச் சரியும். ஆதலால் அறிந்தோர் விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் இறங்கிவிடுவர். புதைந்தவரைக் கண்டறியும் அலைபரப்பியும், ஆய்வுகோலும், பனி அள்ளும் ஷவலும் இல்லாமல் செல்லார், தனியாகவும் செல்லார். தோழன் புதைந்தால், அவனைத் தோண்டி எடுக்கச் சில நிமிடங்களே உண்டு. வெண்ணிறமான இந்தச் சுரத்தைப் பாடும் கவிஞருக்குப் பாலைத்திணை முன்னமே வழி வகுத்திருக்கிறது.

சொல் மட்டுமே குறை. அதற்கும் தமிழுக்குள்ளேயே வழியுண்டு. காலுக்கு மிதியடி, நெருப்பைக் கடப்பதற்குத் தீமிதி. அவ்வழியில் அந்த மரத்துக்குப் ‘பனிமிதி’ என்றும், ஏறி இறங்கும் முழுச் செயலுக்குப் ‘பனிமிதிப் பயணம்’ என்றும் பெயரிடலாம். சறுக்கு என்பது இறங்கும் பகுதிக்கு மட்டும் உரியதாக நிற்கட்டும். இச்சொற்களைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும் இந்த வட்டத்தின் கவிஞர் கையில் உள்ளது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டிலேயே பொதியத்தோடு இமயத்தையும் சேர்த்துப் பார்த்த மொழி, அதன் பனிமீது ஏறுவோரின் உழைப்புக்கும் ஒரு பெயர் தர வேண்டும்.